நீராவிக் குழாயின் தலையில் பூசணிக்காய்

சொந்த உழைப்பால் மேலே வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்கள் காதும் கண்ணும் பல்லும்தான் உலகத்திலேயே உசத்தியான கருவிகள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த வியாதி எனக்கு முற்றிப்போய், இனி மருந்தே கிடையாது என்று வீட்டில் கைவிட்டிருந்த சமயத்தில் நடந்தது இது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். (பெருமைக்காக அல்ல. பெருமைக்குச் சொல்ல வேறு நிறைய இருக்கிறது. அவற்றை நடுநடுவே சொல்வேன்.) என் பெயர் தனபாக்கியம். நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் என்னைத் தாங்கும் சக்தி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை. பாவாடை கட்டிய வயதில் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் களத்தில், காலால் நெல் துழாவிவிடும் வேலைக்குப் போனேன். இன்று அதே சாலையில், அந்த ஆலையைவிடப் பெரிய ஆலை எனக்குச் சொந்தம். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் அதில் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். கொள்முதலுக்கு வருகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் மீட்டரைத்தான் பழுதுபார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நான்தான், ஒரு நாள் ஊரே பார்க்க, தலையில் அழுகின பூசணிக்காயோடு மன்னார்குடி சாலையில் நடந்து போனேன்.

எங்கள் ஆலையில் நெல்லை அவிப்பது நீராவியால். பாய்லரில் உமியைப் போட்டு எரித்தால் நீராவி கிளம்பும். அது ஒரு இரும்புக் குழாய் வழியாக மேலே ஏறி, ஒரு வளைவில் திரும்பி, கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி, களத்தோரமாக நெல் தொட்டிகளுக்குப் போகும். சூடு வீணாகாமல் இருக்கக் குழாயைச் சுற்றிப் பஞ்சு வைத்து, அதன் மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். வெயில் பட்டால் வெள்ளிக் கம்பம் மாதிரி மின்னும். சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்த வளைவுதான்.

கண்ணில் படுகிறது என்றால் கண்ணும் பட்டுவிடும் அல்லவா? அதனால் திருஷ்டிப் பூசணிக்காய் கட்ட ஏற்பாடு செய்தேன். வாசலில் கட்டித் தொங்கவிட்டால் நெல் லாரி வந்து இடிக்கிறது. எனக்கு ஒரு யோசனை வந்தது (யோசனைகள் எனக்குத் தானாகவே வரும்). அந்த வளைவின் உச்சியில், பானை வைப்பது போல, ஒரு வைக்கோல் புரிமணையை வைத்து, அதன் மேல் கண்ணும் மீசையும் வரைந்த பூசணிக்காயை உட்கார வைத்தேன். அது உருண்டு விழாமல் இருக்கத் தகட்டில் திருகாணிகளை முடுக்கி, கம்பி போட்டு இழுத்துக் கட்டினேன். திருகாணி முடுக்கியது என் கையால்! ஆள் வைத்துச் செய்தால் எனக்குத் திருப்தி வராது.

ஒரு காய் அழுகினால் அடுத்த அமாவாசைக்குப் புதுக் காய் ஏறும். புரிமணை மட்டும் அப்படியே இருக்கும். இப்படி வருஷக்கணக்கில் ஓடியது. ஆலைக்கு ஒரு குறையும் வரவில்லை. எல்லாம் பூசணிக்காயின் மகிமை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வளைவுக்கு நேர் கீழே, பாய்லர் ரூம் சுவரோரம், அஞ்சலை உட்காருவாள். அஞ்சலையும் நானும் ஒரே களத்தில் ஒன்றாக நெல் துழாவியவர்கள். நான் முதலாளியம்மா ஆனபோது அவளுக்கு மேஸ்திரி வேலை கொடுத்தேன். வேலையை வாங்கிக்கொண்டாளே தவிர மரியாதையைக் கொடுக்கவில்லை. இன்று வரை வாடி போடிதான். வெயிலுக்கு நிழல், மழைக்கு வெதுவெதுப்பு என்று அந்த இடத்தை அவள் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு, வெற்றிலை, குட்டித் தூக்கம் எல்லாம் அங்கேதான்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. டிராக்டர் டிராக்டராக ஈர நெல் வந்து களம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. குவியலுக்குள் கையை விட்டால் சுட்டது. அப்படிச் சுட்டால் முளைக்கத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலையில் பாய்லரை மூட்டியே தீரவேண்டும். நெல் கொண்டுவந்தவர்களில் என் சம்பந்தி கலியமூர்த்தியும் ஒருவர். என் மகளைக் கொடுத்த இடம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மனசு என்று அவரே சொல்லிக்கொள்வார். முதல் இரண்டும் உண்மை.

அன்று சாயங்காலம் என் மகன் இளங்கோ மெதுவாக ஆரம்பித்தான்.

“அம்மா, நாளைக்குக் காலையில பாய்லர் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஸ்டீம் பைப்ப செக் பண்ண ஆள் வர்றாங்க.”

“எதுக்குடா?”

“எங்கயோ ஒரு மில்லுல பைப் வெடிச்சு ஆளு வெந்து போச்சாம்மா. நம்ம பைப்பு போட்டு எவ்வளவு வருஷமாச்சு, ஒரு தடவகூடப் பாத்ததில்ல.”

“நான் தெனம் பாக்குறேனே!”

“மேல பாக்குற. உள்ள பாக்கணும்.”

“உள்ள பாக்கணும்னா அறுத்துல்ல பாக்கணும்? நாளைக்கு நெல்லு அவிக்கணும்டா, பைப்ப அறுக்குறேங்குற!”

“அறுக்க மாட்டாங்க, ஒடைக்க மாட்டாங்க, ஒரு கீறல் விழாது. அதுதாம்மா அவங்க வேலையே.”

அறுக்காமல் உடைக்காமல் இரும்புக்குள் பார்ப்பதாம். நான் சிரித்த சிரிப்பில் அஞ்சலை வெற்றிலையை விழுங்கிவிட்டாள்.

ஆனாலும் வெளியாள் வருகிறார் என்றால் அலங்கோலமாக இருக்க முடியுமா? அன்றைக்கே சாரம் கட்டி, தகடு இல்லாமல் இரும்பு வெளியே தெரிகிற இடங்களுக்கெல்லாம் சில்வர் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். ஒரு கோட் போதுமா? மேலே இன்னொன்று. அது காய்ந்ததும் இன்னொன்று. பெண் பார்க்க வருகிற வீட்டில் பெண்ணுக்குப் பவுடர் போடுவது போல அப்பிவிட்டோம்.

காலையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இறங்கியது முப்பது வயசுப் பெண், முதுகில் பை, தலையில் ஹெல்மெட். தஞ்சாவூர்க்காரி, பெயர் ரெஜினா. கழுத்தில் சின்னச் சிலுவை. ஹெல்மெட்டைக் கழற்றியவள் இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். எனக்கு அப்போதே அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“ஏம்மா, ஆள் யாரும் வரலையா?” என்றேன்.

“நான்தாம்மா ஆளு.”

அவள் குழாயை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்து பார்த்தாள். சில்வர் பெயிண்ட்டைத் தொட்டாள். விரலில் ஒட்டிக்கொண்டது.

“எப்ப அடிச்சீங்க?”

“உனக்காகத்தான் பாப்பா. எப்படி, பளபளன்னு இருக்கா?”

“இருக்கும்மா. இப்ப இத நான் சொரண்டணும்.”

“சொரண்டுறதா!”

“பெயிண்ட்டையும் சேத்துப் பைப்புன்னு காட்டும்மா, தடிமன் பாக்குற மீட்டரு. உங்க பைப்பு இருக்குறதவிட குண்டாத் தெரியும்.”

“குண்டாத் தெரியட்டுமே, நல்லதுதானே,” என்றார் சம்பந்தி. அவர் என் பக்கம் பேசிய கடைசி வார்த்தை அது.

அங்கங்கே ரூபாய்க் காசு அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து இரும்பைத் திறந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, வழவழவென்று ஏதோ பசையைக் குழாயில் தடவினாள். பொத்தான் மாதிரி ஒரு வில்லையை அதில் வைத்து அழுத்தினாள். வில்லையிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் உள்ளங்கை அளவு கருவி. களத்துப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பிள்ளை பெற்ற அத்தனை பேருக்கும் அந்தப் பசை எங்கே பார்த்தது என்று தெரியும்.

“டாக்டரம்மா,” என்றாள் அஞ்சலை, “பைப்புக்கு எத்தனாவது மாசம்?”

“நாள் தள்ளித்தான் போயிருக்கு பெரியம்மா, பாத்துச் சொல்றேன்,” என்றாள் ரெஜினா, திரும்பிக்கூடப் பார்க்காமல். (இதற்குப் பிறகு அஞ்சலை அவள் கட்சி. எனக்கு அப்போது தெரியவில்லை.)

“என்னதான் பண்ணுது அது?” என்று கேட்டேன்.

“ஒரு சத்தத்த உள்ள அனுப்புதும்மா. நம்ம காதுக்குக் கேக்காது. அது இரும்பு வழியா அந்தப் பக்கம் வரைக்கும் போய் முட்டித் திரும்பி வரும். போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆச்சோ, அத வச்சு இரும்பு எவ்வளவு தடிமன்னு சொல்லும். தேஞ்சிருந்தா சீக்கிரம் திரும்பிரும்.”

சத்தமா? சத்தம் என்றால் அது என் இலாகா. மோட்டார் உறுமுவதைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொன்னவள் நான். பாத்திரக் கடையில் குடத்தைத் தட்டி ஓட்டையைக் கண்டுபிடித்தவள் நான். ஒரு ஸ்பேனரை எடுத்துவரச் சொன்னேன்.

“இப்பப் பாரு,” என்று குழாயின் தகட்டைத் தட்டிக்கொண்டே களத்தின் நீளத்துக்கும் நடந்தேன். டிங், டிங், டிங். ஒவ்வொரு தட்டுக்கும் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டேன். தேவையில்லாத இடத்தில் கண்ணைக்கூட மூடினேன். கோடிக்குப் போனதும் தீர்ப்புச் சொன்னேன்: “கல்லு மாதிரி இருக்கு. ஒரு குத்தம் கிடையாது.”

“அம்மா, நீங்க தட்டுனது தகட்ட. பைப்பு அதுக்குள்ள பஞ்சுக்குள்ள இருக்கு,” என்றாள் ரெஜினா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சம்பந்தி துண்டால் வாயை மூடிக்கொண்டார். வாயை மூடியவர் தோள் குலுங்குவதை மூட முடியவில்லை.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் பேசாமல் இருந்திருந்தால் களத்திலேயே இருந்திருப்பேன், ஆலை கட்டியிருக்க மாட்டேன். குரலை உயர்த்திச் சொன்னேன்: “இந்த மில்லு நான் கட்டுனது. இந்தப் பைப்புல நீ ஒரு குத்தம் கண்டுபிடிச்சிட்டியானா, அதோ அந்தப் பூசணிக்காய நானே தலையில தூக்கிக்கிட்டு ரோட்டு முனை வரைக்கும் போயிட்டு வர்றேன். எல்லாரும் கேட்டுக்கங்க!”

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அதிலும் அஞ்சலை இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டாள்.

ரெஜினா தான் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தாள். முதல் இடம்: “ஆறு மில்லிமீட்டர். நல்லா இருக்கு.” அடுத்தது: “நல்லா இருக்கு.” அதற்கடுத்தது: “இதுவும் நல்லா இருக்கு.” ஒவ்வொரு ‘நல்லா இருக்கு’க்கும் நான் சம்பந்தியைப் பார்த்தேன். கடைசியில், “சரி, பாத்தாச்சுல்ல? இளங்கோ, பாய்லரப் பத்த வை. நெல்லு கொதிக்குது,” என்றேன்.

“இன்னும் ஒரு இடம் இருக்கும்மா.” அவள் கை மேலே நீண்டது. வளைவு. அதன் மேல் மீசையோடு என் பூசணிக்காய். “அதுக்குக் கீழ தகட்டுல கறை வடிஞ்சிருக்கு பாருங்க. அத எறக்கிட்டு, தகட்டக் கழட்டணும்.”

“அதத் தொடக் கூடாது! ஆயுத பூஜை வருது. திருஷ்டிக்கு வச்சத நடுவுல எறக்குனா நல்லதில்ல.”

“அப்படின்னா பத்த வைக்காதீங்கம்மா.”

“நெல்லு மொளச்சிரும்டி பாப்பா!”

ரெஜினா குனிந்து, சுவரோரம் கிடந்த அஞ்சலையின் சாக்கையும் வெற்றிலைப் பையையும் பார்த்தாள்.

“இங்க யாரு உக்காருவாங்க?”

“நான்தாம்மா,” என்றாள் அஞ்சலை.

“பாய்லர் ஓடும்போதுமா?”

“அப்பதானே வெதுவெதுன்னு இருக்கும்.”

ரெஜினா விரலால் மேலே காட்டினாள். அஞ்சலை மெதுவாக மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தனம், நான் உக்கார்ற எடம்டி அது. எனக்காகப் பாத்துரு.”

அப்படிச் சொல்லிவிட்டு என் அனுமதிக்கு அவள் காத்திருக்கவும் இல்லை. பெயிண்ட்டுக்குக் கட்டிய சாரத்தில் விறுவிறுவென்று ஏறி, கம்பியை அவிழ்த்து, பூசணிக்காயைக் கட்டிப்பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள். இளங்கோ அந்தப் பழைய புரிமணையைத் தூக்கினான். ஊறிக் கிடந்த ஸ்பஞ்சுபோல அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. திருகாணிகளைக் கழற்றித் தகட்டை விரித்தார்கள். உள்ளே பஞ்சு கறுத்து, சொதசொதவென்று, பழங்குளத்துச் சேறு மாதிரி நாறியது. பஞ்சை எடுத்ததும் இரும்பு தெரிந்தது. இரும்பு என்று அதைச் சொல்லக் கூடாது. அடுக்கடுக்காகத் துரு, கை பட்டால் நொறுங்கிய அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

எனக்குள் இருந்த வியாதி அப்போதும் அடங்கவில்லை. “மேல துருதான். உள்ள இரும்பு கெட்டியா இருக்கும், தட்டிக் காட்டுறேன்,” என்று ஸ்பேனரோடு சாரத்தில் ஏறி ஓங்கினேன்.

ரெஜினா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என் புருஷன்கூட என் ஓங்கின கையைப் பிடித்ததில்லை.

“அம்மா, தட்டாதீங்க. ஓட்டை விழுந்துரும். பாத்தா போதும், நாம எதையும் ஒடைக்க வேண்டாம்.”

கம்பிப் பிரஷ்ஷால் துருவை மெதுவாக, காயத்தைத் துடைப்பது போலத் துடைத்தாள். பசை. வில்லை. கருவியை என் பக்கம் திருப்பினாள். நாலாம் வகுப்புப் படிப்பு எண்களுக்குப் போதும். மூன்று. வில்லையை நகர்த்தினாள். இரண்டு. இன்னும் கொஞ்சம், புரிமணையின் நடு இருந்த இடம். ஒன்றுதான் வந்தது, அதற்குப் பிறகு ஒரு புள்ளியும் ஏதோ கொசுறும்.

“பத்த வச்சிருந்தா?” என்று கேட்டேன்.

“இன்னிக்கே போயிருக்கும்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா நான் இதுக்குக் கீழ ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேன்.”

அஞ்சலை தன் சாக்கை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

எப்படி ஆச்சு என்று ரெஜினா விளக்கினாள். நான் திருகாணி போட்ட ஓட்டைகள் வழியாகப் பூசணிக்காய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கியிருக்கிறது. புரிமணை அதைக் காயவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பாய்லர் ஓடும்போது சூடு, நின்றதும் ஈரம், சூடு, ஈரம். இரும்புக்கு அதைவிட வேறு வினை வேண்டாம். குழாய் முழுக்க இரும்பு கல்லு மாதிரிதான் இருந்தது. நான் காவலுக்கு வைத்த காய் உட்கார்ந்த இடம் ஒன்றைத் தவிர!

வளைவை வெட்டி எடுத்துப் புதுசு வைக்கும் வரை நெல்லைக் காப்பாற்றியாக வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. குவியல்களைக் கலைத்து, இருக்கிற கூரைக்கடியில் எல்லாம் மெல்லிசாகப் பரப்பி, எல்லோரையும் காலால் துழாவச் சொன்னேன். நானும் இறங்கினேன். சம்பந்தியும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் நெல்லும் அதில் இருக்கிறதே. எப்படிக் காலை வைக்க வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். (அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.)

வெல்டர் வந்து புது வளைவை ஒட்டி முடித்ததும், ரெஜினா திரும்பவும் பையைத் திறந்தாள். ஒட்டிய இடம் முழுக்கச் செக்கச்செவேலென்று ஏதோ மருந்தை அடித்தாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தாள். பிறகு அதன் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பொடிப் பூச்சு.

“ஏம்மா,” என்றேன், “நான் பூஜை போட்டுக் குங்குமமும் விபூதியும் வைக்கிற மாதிரியே நீயும் வைக்கிறியே, என்ன இது?”

“அதேதாம்மா. என்ன ஒண்ணு, என்னோடது பதில் சொல்லும். விரிசல் இருந்தா செவப்பு அதுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கும். வெள்ளை அத வெளிய இழுத்துக் காட்டும்.”

எல்லோரும் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கோயிலில் திரை விலகக் காத்திருக்கும்போதுகூட நான் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை. வெள்ளைக்கு நடுவில், எறும்பு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி மெல்ல எட்டிப் பார்த்தது. வெல்டர் முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி ஒட்டினார். மறுபடி சிவப்பு, மறுபடி வெள்ளை. இந்தத் தடவை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டிவிட்டேன். எத்தனையோ வருஷம் அந்தக் குழாய்க்குப் பூஜை போட்டிருக்கிறேன். அது வாய் திறந்து பேசியது அந்தப் பெண்ணிடம்தான்.

பாய்லர் மூண்டது. நீராவி இஸ்ஸென்று புது வளைவில் திரும்பித் தொட்டிக்குப் போனது. ஓரத்தில் கிடந்த ஒரு குவியல் மட்டும் முளைத்துவிட்டது. அது சம்பந்தியுடையதாக அமைந்தது யார் செய்த குற்றமும் இல்லை.

எல்லாம் முடிந்தது, எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நான் ஆபீஸ் ரூம் பக்கம் நழுவினேன். வாசலில் அஞ்சலை நின்றாள். கையில் பூசணிக்காய்.

“எங்கடி போற? ரோட்டு முனை இந்தப் பக்கம்.”

“அஞ்சல, அது அழுகியிருக்குடி…”

“அழுகுனதாலதானே கதையே!”

சொன்ன சொல் சொன்னதுதான். முந்தானையைச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். வைத்ததுமே உள்ளே ஏதோ குலுங்கியது. ஆலை வாசலைத் தாண்டும்போது காதோரம் வழிய ஆரம்பித்தது. பின்னால் களத்துப் பெண்கள். யாரோ ஒருத்தி கழற்றிப் போட்ட தகட்டில் தாளம் தட்டினாள். மன்னார்குடி பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார்: “என்னம்மா, வேண்டுதலா?”

“ஆமாங்க,” என்றாள் அஞ்சலை எனக்குப் பின்னாலிருந்து. “பைப்புக்கு வேண்டிக்கிட்டாங்க!”

ரெஜினா ஸ்கூட்டியில் எங்களைத் தாண்டும்போது நிறுத்தி, தன் ஹெல்மெட்டை நீட்டி, “வேணுமாம்மா?” என்றாள். வாங்கியிருக்க வேண்டும். சீயக்காய், எலுமிச்சை, ஷாம்பு என்று எத்தனை குளியல் போட்டும் அந்த வாடை ஒரு வாரம் போகவில்லை.

இப்போது பூசணிக்காய்க்கென்று வாசலில் தனியாகச் சிமெண்ட் கம்பம் நட்டு வைத்திருக்கிறான் இளங்கோ. வருஷம் தவறாமல் ரெஜினா வருகிறாள். பைப்புக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் அவளைக் கேட்டுத்தான் அடிக்கிறோம். வெட்டி எடுத்த அந்த வளைவை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எங்கே பாடம் எடுக்கப் போனாலும் அதைத்தான் காட்டுகிறாளாம். அப்படி எத்தனை படித்த பிள்ளைகள் என் குழாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்கள்? நாலாம் வகுப்பு படித்த வேறு யாருடைய குழாய்க்காவது அந்தக் கொடுப்பினை உண்டா, சொல்லுங்கள்!

வீட்டில் மட்டும் என் பாடு கஷ்டம். நான் “எனக்குத் தெரியாதா?” என்று வாயைத் திறந்தால் போதும், பேத்தியிலிருந்து சம்பந்தி வரை ஒரே குரலில், “பூசணிக்காய எடுக்கவா?” என்கிறார்கள்.

போன மாசம் நெஞ்சில் ஏதோ பிடித்த மாதிரி இருந்தது. தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேனுக்குப் படுக்க வைத்தார்கள். துணைக்கு அஞ்சலை. டாக்டரம்மா என் நெஞ்சில் அந்தப் பசையைத் தடவினாள்; அதே வழவழப்பு, அதே சில்லிப்பு. வில்லையை வைக்கப் போனாள். “எதுக்கும்மா இதெல்லாம்? என் ஒடம்பு எனக்குத் தெரியாதா? எல்லாம் கல்லு மாதிரி இருக்கு,” என்று நான் முடிக்கவில்லை, திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:

“டாக்டரம்மா, அவ இப்படித்தான் தட்டிப் பாத்துச் சொல்லுவா. நீங்க நல்லாப் பாருங்க. பூசணிக்காய் வாங்க நான் ஆள் அனுப்பிட்டேன்.”